பாத்து ஆடுங்க

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று போனில் கேட்பவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன லாட்ஜ் மேனேஜர் என் அத்தான் ஒருத்தராகத்தான் இருக்கும். மற்ற லாட்ஜுகளில், அருவி வறண்டு பாறை பல்லிளித்துக்கொண்டு நின்றாலும், "சூப்பரா விழுது சார், உடனே கெளம்பி வாங்க" என்பார்கள். வந்து இறங்கியவன் என்ன செய்வான், ரூம் எடுத்துத்தானே ஆக வேண்டும். அத்தான் மட்டும், "மெயினருவியில ஒரு ஓரமா வடியுது. ஐந்தருவியில தலைய நனைக்கலாம், அம்புட்டுதான். கூட்டம் வேற. இந்த வாரம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைப்பார். முதலாளி பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

"ஓய், நீரு லாட்ஜுக்கு மேனேஜரா, அருவிக்கு மேனேஜரா?"

"கேட்டாங்க, சொன்னேன் அண்ணாச்சி. அவங்க புள்ளகுட்டிய கூட்டிக்கிட்டு அம்புட்டு தூரத்துல இருந்து வருதாங்க."

தண்ணீர் நன்றாக விழும் நாளில் அவர் "வாங்க" என்று சொன்னால் அதை நம்பி பஸ் பிடித்து வருகிற குடும்பங்களும் உண்டு. அதனால்தான் முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சொன்னால் தென்காசிப் பக்கம் கிரிக்கெட் ஆடிய பாதிப் பேர் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். லாட்ஜ் வேலை போக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் ஊர் லீக் மேட்சுகளுக்கு ரெஃப்ரி. அம்பயர் வேறு, ரெஃப்ரி வேறு. ஆள் அவுட்டா இல்லையா என்று சொல்வது அம்பயர். ஆடுகிற இடம் ஆடத் தக்கதுதானா என்று சொல்வது ரெஃப்ரி. எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் அவர் சாப்பிட உட்கார்ந்தால் பிட்ச், எழுந்தால் பிட்ச் என்று பேசியதில், ஆட்டம் தெரியாமலே பிட்ச் மட்டும் எனக்குத் தெரிந்துபோயிற்று.

இலஞ்சிக்குப் போகிற வழியில், மலையைப் பார்த்த மாதிரி அந்த மைதானம். உருளை போட்டு இறுக்கிய செம்மண்ணில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து, அதன்மேல்தான் ஆட்டம். பாயை யார் இழுப்பது என்பதில் முன்னெல்லாம் அடிதடி. பாய் விறைப்பாக இருந்தால் மட்டை பிடிக்கிறவனுக்குக் கொண்டாட்டம், தொய்ந்து கிடந்தால் பந்து போடுகிறவனுக்குக் கொண்டாட்டம் என்பதால், அவரவர் முறைக்கு வேண்டியபடி இழுத்துக்கொள்வார்களாம். அத்தான் வந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஒரு முனையில் ஒரு டீம், மறுமுனையில் எதிர் டீம். இரண்டு பக்கமும் இழுக்க வேண்டியது, "போதும்" என்று அவர் சொன்னதும் நிறுத்த வேண்டியது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்மேல் நடப்பார். அங்கங்கே தோள் உயரத்தில் இருந்து பந்தைக் கீழே விட்டு, அது எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார். கொடுக்கும் மார்க் நாலே நாலுதான். நல்லது, பரவாயில்லை, மோசம், ஆடக்கூடாது. அந்த நாலாவதைச் சொல்லிவிட்டால் ஆட்டம் பாதியில் இருந்தாலும் முடிந்திருந்தாலும் அவ்வளவுதான். அதுவரை எடுத்த ரன்னும் விக்கெட்டும் கணக்கில் வராது, இன்னொரு நாள் முதலில் இருந்து ஆட வேண்டும்.

"ரெண்டு டீமும் அதே பிட்சுலதானே ஆடுது அத்தான், பொறவு என்ன நியாயம் அநியாயம்?" என்று ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். சாப்பிட்ட கையோடு அரைமணி நேரம் பேசினார்.

"டீமுக்கும் டீமுக்கும் சமமான்னு பாக்கப்பிடாது. மட்டைக்கும் பந்துக்கும் சமமான்னு பாக்கணும். ரெண்டு டீமையும் கெணத்துல தள்ளிட்டு, ரெண்டு பேரும் ஒரே கெணத்துலதான கெடக்காங்கன்னு சொன்னா சரியாயிருமா? நல்லாப் போட்டவனுக்கு விக்கெட் விழணும், நல்லா ஆடுனவனுக்கு ரன் வரணும். சும்மா போட்டவனுக்கு விக்கெட் விழுந்தா அது பிட்சு எடுத்த விக்கெட்டு."

ஒரு மேட்சில் எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரின் மருமகன் சதம் அடித்தான். மாலை, வெடி எல்லாம் தயாராக இருந்தது. அத்தான் அந்தப் பிட்சுக்கு "மோசம்" போட்டார். பந்து போட்டவனுக்கு அதில் ஒன்றுமே இல்லையாம், தார் ரோட்டில் போடுகிற மாதிரி இருந்ததாம். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் சண்டைக்கு வந்தார். "எங்க வீட்டுப் புள்ள சென்சுரி அடிச்சிருக்கான், நீரு மோசம்ங்கீரு?" அத்தான், "புள்ளய நான் ஒண்ணும் சொல்லலய அண்ணாச்சி, தரையத்தான் சொன்னேன்" என்றார். அவருக்கு அது இரண்டும் வேறு வேறு என்பதில் சந்தேகமே கிடையாது. கேட்கிறவர்களுக்கு அப்படி இல்லை என்பது கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது விசாரித்துவிட்டு வரச் சொல்லி அவரைத்தான் கடையநல்லூருக்கு அனுப்பினார்கள். வந்து நடுவீட்டில் உட்கார்ந்து சொன்னார். "குடி கெடையாது. கோவம் உண்டு. கை நீட்டுத ஆளு இல்ல. சொந்தமா ஒரு முடிவு எடுக்க ஆறு மாசம் ஆகும். நம்ம புள்ளைக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மட்டைக்கும் இருக்கு, பந்துக்கும் இருக்கு. பரவாயில்ல." என் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. "பரவாயில்லை"தான்.

இந்த மனுஷருக்குப் பிள்ளையாகப் பிறந்து, அதிலும் வேகப்பந்து போடுகிறவனாக வந்து சேர்ந்தான் எங்கள் இசக்கிராஜா. வீட்டில் ராசா. ஒல்லியாக, நெடுநெடுவென்று, ஓடி வந்தால் பார்க்க அழகாக இருக்கும். விளையாட ஆரம்பித்த நாளில் இருந்து அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். அப்பா வாயில் இருந்து "அது உன் விக்கெட்டுலே" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அது நடக்கவே இல்லை. மேட்ச் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "எப்பா, அந்த மூணாவது விக்கெட்டப் பாத்தியளா?" என்பான். "பாத்தேன். ஆணிப்பக்கம் பாய் தூக்கியிருந்துச்சு, அதுல பட்டு எந்திச்சிட்டு" என்பார். இல்லாவிட்டால் "அவன் கண்ண மூடிக்கிட்டு வீசுனான்" என்பார். பொய் சொல்லவில்லை. இளக்காரமும் இல்லை. பாராட்டக் கூடாது என்ற எண்ணமும் அவருக்குக் கிடையாது. கண்ணில் பட்டதைச் சொல்லுவார், அவ்வளவுதான். ராசா முகம் சுண்டிப் போய் அடுக்களைக்கு வந்து என்னிடம், "சித்தி, நான் ஆகாசத்துல பிட்ச் போட்டு ஆடினாலும் அதுலயும் ஒரு ஆணி தூக்கியிருக்கும் பாத்துக்கிடுங்க" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவான்.

அக்கா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "ஏங்க, ஒரு தடவ நல்லாருந்துச்சுன்னு சொன்னா வாயில இருக்க முத்து உதிந்திருமா?"

அத்தான் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு, "எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது பாவமாக இருந்தது.

அந்த வருஷம் ஃபைனலை ஏதேதோ காரணத்தால் தள்ளித் தள்ளி சாரல் காலத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ராசாவின் டீம் வந்திருந்தது. மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் திருநெல்வேலியில் இருந்து வந்து பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்க்க வந்தது ராசாவைத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் அக்காவும் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். காலையில் நல்ல வெயில். பாயை இழுத்தார்கள், அத்தான் நடந்து பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்றார்.

எதிர் டீம்தான் முதலில் மட்டை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் மலையில் இருந்து சாரல் இறங்கியது. வெயிலும் அடிக்கிறது, தூறலும் விழுகிறது. ஆட்டத்தை நிறுத்துகிற மழை இல்லை. ஆனால் பாய்க்கு அடியில் மண் ஊற ஆரம்பித்துவிட்டது. மலைப்பக்கத்து முனையில் ஆணிகள் இளகி, பாய் ஒரு இடத்தில் மடிப்பு விழுந்து நின்றது. ராசா எதிர்முனையில் இருந்து ஓடி வந்து போடுகிற பந்து சரியாக அங்கேதான் விழுந்தது. விழுந்த பந்து கழுத்துக்கு எழும்பியது. மட்டையைப் பிடித்தவர்கள் குதித்தார்கள், குனிந்தார்கள், கையில் அடி வாங்கினார்கள், அவுட் ஆனார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விழுந்துகொண்டே இருந்தது. பந்தலில் ஒருவர் எழுந்து நின்று செல்போனில் படம் எடுத்தார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அத்தான் எழுந்து உள்ளே போனார். அவர் போனால் ஆட்டம் நிற்கும். ஆணிகளை மறுபடி அடிக்கச் சொன்னார், அடித்தார்கள். மண்டியிட்டு அந்த மடிப்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பந்தைத் தோள் உயரத்தில் இருந்து விட்டார். நாங்கள் நின்ற இடத்தில் இருந்தே தெரிந்தது, அது பக்கவாட்டில் துள்ளிப் போயிற்று. மறுபடி விட்டார். மறுபடியும் அப்படியே.

எதிர் டீம் கேப்டன் கிட்டே வந்து, "சார், ஆடலாம் சார். அவங்களும் இதுலதான வந்து நிக்கணும்" என்றான். நிறுத்தினால் இன்னொரு நாள் வர வேண்டும். அவன் டீமில் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள்.

ராசாவும் வந்தான். பந்தைப் பேன்டில் தேய்த்துக்கொண்டே, "எப்பா, ரெண்டு டீமுக்கும் ஒண்ணுதானப்பா?" என்றான்.

சோற்றுக் கையோடு அரைமணி நேரம் எனக்குப் பாடம் நடத்திய அதே கேள்வி. அதற்கு அவரிடம் இல்லாத பதிலா? அவர் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நாலாவது மார்க்கைச் சொன்னால் அந்த விக்கெட் அத்தனையும் இல்லை என்று ஆகிவிடும், பந்தலில் இருக்கிறவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அத்தான் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பாத்து ஆடுங்க" என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பார்த்து ஆட வேண்டிய இடத்தில் ஆடவே கூடாது என்பதுதான் அவருடைய கட்சி. வெளியே வந்து எங்களைத் தாண்டிப் போனபோது, "எப்படி இருக்கு அத்தான்?" என்றேன். காதில் விழாதது போலப் போய்விட்டார்.

எதிர் டீம் சொற்பத்தில் சுருண்டது. இடைவேளையில் பாயை மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். ஈர மண்ணில் ஆணி நிற்கவில்லை. அப்போதும் அவர் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ராசாவின் டீமுக்கும் அந்த மடிப்பில் விக்கெட் விழுந்து விழுந்து, கடைசியில் அவனே மட்டையோடு போக வேண்டி வந்தது. பந்து போடுகிறவர்கள் கடைசியில்தான் இறங்குவார்கள். இன்னும் கொஞ்சம் ரன்தான் வேண்டும். போடுகிறவன் ஒரு குட்டைப் பையன், வேகமே கிடையாது, சும்மா கையைச் சுற்றி எறிகிறவன். அவனுக்குப் போய் ஹெல்மெட் எதற்கென்று ராசா தொப்பியோடு நின்றான். வேறு எந்தப் பாயிலும் அந்தப் பந்து அவன் இடுப்புக்குக்கூட வந்திருக்காது.

சத்தம் எங்களுக்குக் கேட்டது. அக்கா ஓடினாள். அவளுக்கு முன்னால் அத்தான் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ராசா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த மடிப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கில் ரத்தம்.

தென்காசியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் பாதி நாள் அக்கா வீட்டில் இருந்தாலும், என் வீட்டுக்காரருக்கு மதுரையில் வேலை, அங்கே வாடகை வீடு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று எல்லோரும் அங்கே போனோம். கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அதில் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. அக்கா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மூன்று நாள் கழித்து லீக் செயலாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல மனுஷர், கையில் ஆரஞ்சுப் பை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆட்டம் முடிஞ்ச பொறவு பிட்சுக்கு எழுதுத மார்க்க இன்னும் போடலய நீரு. மோசம்னு போட்டாப் போதும், தம்பி எடுத்த விக்கெட்டெல்லாம் நிக்கும். ஃபைனல்ல சிறந்த பவுலர்னு கோப்பை அவனுக்குத்தான். அதயாவது கையில குடுப்போம்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். "மோசம்னு சொல்லுங்க" என்றாள். "ஒங்க காலப் பிடிக்கேன். மோசம்னு சொல்லுங்க."

அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது ஆடக்கூடாத பிட்சு" என்றார்.

எனக்கு அந்த ஆரஞ்சுப் பையைத் தூக்கி அவர்மேல் எறிய வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதை, பிள்ளையின் கண் போன பிறகு கொண்டுவந்து கொட்டுகிறாரே என்று இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்தக் கோபம் வருகிறது. தன் தப்பை மறைக்கக் கூடாது என்று நினைத்தாரோ, வேறு மாதிரி சொல்ல அவருக்கு வரவே வராதோ, நான் அறியேன்.

ராசா விழித்துத்தான் இருந்தான். கட்டுப் போட்ட கண்ணோடு முகத்தைத் திருப்பாமலே கேட்டான். "எப்பா. உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"என்ன ராசா?"

"ஆடக்கூடாதுன்னு எப்பம் தெரியும்?"

அந்த அறையில் இருந்த எல்லோரும் அவர் ஒரு பொய் சொல்லக் காத்திருந்தோம். செயலாளர்கூடத்தான். இடைவேளைக்கு அப்புறம் என்று சொல்லலாம். நீ அடிபட்ட பிறகு என்று சொல்லலாம். பிள்ளை நம்பியிருப்பான். நம்பத்தான் அவனும் கேட்டான்.

"நீ ரெண்டாவது விக்கெட் எடுக்கும்போதே தெரியும்" என்றார் அத்தான். பிறகு, "சொல்ல மனசு வரலலே. ஒன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார்.

ராசா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றைக்குத் திரும்பியவன்தான்.

அக்காவும் அவனும் அப்படியே மதுரையில் எங்களோடு தங்கிவிட்டார்கள். அத்தான் ரெஃப்ரி வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். முதலில் வாராவாரம் வருவார். அக்கா சோறு வைப்பாள், பேச மாட்டாள். ராசா மாடிக்குப் போய்விடுவான். அவர் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போவார். பிறகு மாசத்துக்கு ஒருமுறை, பிறகு அதுவும் இல்லை. இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ராசா ஒரு கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். இப்போதும் அவசரத்தில் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றிவிடுகிறான். உடனே யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பான். நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம்.

போன சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, லாட்ஜ் நம்பருக்குப் போன் போட்டேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குரலை மாற்றிக்கொண்டேன். நாலைந்து மணி அடித்த பிறகு அவர்தான் எடுத்தார். குரல் நைந்து போயிருந்தது.

"சார், மதுரையில இருந்து பேசுறோம். அருவியில தண்ணி விழுதா?"

மெயினருவி, ஐந்தருவி, ஓரமா வடியுது என்று அவர் அடுக்குவதைக் கேட்கத்தான் நான் போன் போட்டதே.

"நீங்களே வந்து பாத்துக்கிடுங்க" என்றார். "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலம்மா."

நான் போனை வைத்தேன். பின்னால் ராசா நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. நம்பரைப் பார்த்திருப்பான்.

"விழுதாமா சித்தி?"

"தெரியலையாம்" என்றேன்.

அவன் நம்பவில்லை. நல்ல கண்ணால் என்னையே பார்த்தான்.

"அவருக்கா தெரியலயாம்?" என்று கேட்டான்.